வீட்டுக் கத்தியும் பட்டறைச் சாணையும்

சமையலறைக் கருவிகளுள் நாள்தோறும் மிகுதியாக உழைப்பது கத்தியே. ஆயினும், பாத்திரங்களைத் துலக்குவதற்கு அளிக்கப்படும் கவனத்தில் ஒரு சிறு பங்கும் அதற்கு அளிக்கப்படுவதில்லை. மழுங்கும்வரை அது உபயோகிக்கப்படுகிறது. மழுங்கிய பின்னரும் வலிந்து உபயோகிக்கப்படுகிறது. இறுதியில், கைக்கு எட்டிய ஏதேனும் ஒரு சாணையில் தீட்டப்படுகிறது. மழுங்கிய கத்தியால் விரல் வெட்டுண்பதைப் பலரும் அறிவர். முறையற்ற சாணையால் நல்ல கத்தி கெட்டுப்போவதைச் சிலரே அறிவர். தீட்டிய இரண்டொரு நாளிலேயே கத்தி மீண்டும் மழுங்கினால், குற்றம் கத்தியைச் செய்தவர்மீது சுமத்தப்படுகிறது. உண்மையில், பெரும்பாலும் அக்குற்றம் சாணையில் எழுந்த சூட்டினுடையது. இதன் காரணமும், வீட்டிலேயே கத்தியைப் பழுதின்றித் தீட்டும் முறையும் இங்கு விளக்கப்படுகின்றன.

மழுங்கிய கத்தியின் அபாயம்

வெட்டுதல் என்பது அழுத்தத்தின் செயல். ஒரே விசை சிறிய பரப்பின்மீது செயற்பட்டால் அழுத்தம் மிகும். பெரிய பரப்பின்மீது செயற்பட்டால் குறையும். நன்கு தீட்டப்பட்ட கத்தியின் விளிம்பு, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே பருமனுடையது. மழுங்கிய விளிம்பு அதைப் போலப் பத்து மடங்கும் அதற்கு மேலும் பருத்திருக்கலாம். ஆகவே, தக்காளியின் தோலைக் கீறவும் விசையைப் பெருக்க வேண்டியதாகிறது. பெருக்கிய விசையுடன் கத்தி வழுக்கினால், அதே விசையுடன் அது விரலில் இறங்குகிறது. கூரிய கத்தியைக் கண்டு அஞ்சுவோர், மழுங்கிய கத்தியிடம் அதனினும் அதிகமாக எச்சரிக்கை கொள்ளல் வேண்டும். சத்துணவு மையங்களிலும் விடுதிச் சமையலறைகளிலும் நாள்தோறும் பல கிலோ காய்கறிகளை நறுக்கும் பணியாளர்க்கு இஃது இன்னும் முக்கியமானது. மழுங்கிய கருவி, காயத்தோடு மணிக்கட்டிற்கும் தோளுக்கும் ஓயாத வலியையும் தருகிறது.

பீன்யாவின் சாணைகள்

பெங்களூரு மாநகரின் வடமேற்கில், தும்கூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்தது பீன்யா தொழிற்பேட்டை. இதற்கு அண்மையிலுள்ள ஜாலஹள்ளியில் 1953இல் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1962இல் மத்திய இயந்திரக் கருவி நிறுவனம் அதே நெடுஞ்சாலையில் தோன்றியது. இன்று அது மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம் என வழங்குகிறது. இவற்றால் இவ்வட்டாரத்தில் பெருகிய தொழில்திறனைப் பெற்று, 1970களின் பிற்பகுதியிலிருந்து பீன்யாவில் ஆயிரக்கணக்கான சிறு பட்டறைகள் வளர்ந்தன. கடைசல் இயந்திரங்கள், துளையிடும் இயந்திரங்கள், அச்சுகள், வெப்பத்தால் எஃகைப் பதப்படுத்தும் உலைகள் ஆகியவை இங்குச் சாதாரணக் காட்சிகள்.

இத்தகைய பட்டறைகளில் மேசைச் சாணை ஒன்று மூலையில் நிற்பது வழக்கம். மின்மோட்டாரின் இரு பக்கத்திலும் ஒவ்வொரு சக்கரம் பொருத்தப்பட்டிருக்கும். துளையிடும் அலகையும் கடைசல் உளியையும் தொழிலாளர் இதில் தீட்டிக்கொள்கின்றனர். அருகில் இத்தகைய சாணை இருக்கும்போது, வீட்டுக் கத்தியையும் அதில் ஒரு நிமிடத்தில் தீட்டிவிடலாம் என்னும் எண்ணம் எழுவது இயல்பு. கத்தி வெகு விரைவில் கூராகவும் செய்கிறது. ஆனால், உளிக்கு ஏற்ற அச்சாணை கத்திக்கு ஏற்றதன்று. சக்கரம் ஒன்றே, அதில் வைக்கப்படும் எஃகு வேறு. இவ்வேற்றுமையை அறிவதற்கு, எஃகின் பதம் என்பது யாது என முதலில் அறிதல் வேண்டும்.

எஃகின் பதம்

தூய இரும்பு மென்மையானது. அதனுடன் சிறிதளவு கார்பன் சேர்ந்தால் எஃகு ஆகிறது. பழைய முறைக் கத்திகளிலும் அரிவாள்களிலும் உள்ள எஃகில் கார்பன் ஏறத்தாழ 0.6 முதல் 1 சதவிகிதம் வரை இருக்கும். இக்கலையில் தென்னிந்தியாவிற்குத் தொன்மையான சிறப்பு உண்டு. சேலம், மைசூர்ப் பகுதிகளில் மூசையில் உருக்கிய எஃகு, ‘ஊட்ஸ்’ என்னும் பெயருடன் ஐரோப்பிய அறிஞர்களின் ஆராய்ச்சிக்கு உரியதாயிற்று. 1795இல் ஜார்ஜ் பியர்சன் இலண்டன் இராயல் சொசைட்டியில் இதைப் பற்றி ஆய்வுரை வழங்கினார். அப்பெயர், கன்னடத்தில் எஃகைக் குறிக்கும் ‘உக்கு’ என்னும் சொல்லின் திரிபெனக் கருதப்படுகிறது. தமிழ் ‘உருக்கு’ அதன் உறவுச்சொல்.

எஃகு உருவாக்கப்பட்ட அளவில் கத்தி கூர் தாங்காது. கொல்லர் அதை ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் வரை, செந்தணலின் நிறம் பெறும்படி காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்க்கிறார். இதுவே தோய்ச்சல். மெதுவாகக் குளிர்ந்தால் இரும்பிலிருந்து பிரிந்துவிடக்கூடிய கார்பன் அணுக்கள், திடீரெனக் குளிர்வதால் இரும்பின் படிக அமைப்பிற்குள்ளேயே சிறைப்பட்டு நிற்கின்றன. இதனால் எஃகு மிகக் கடினமாகிறது; ஆனால், கண்ணாடியைப்போல் நொறுங்கும் தன்மையையும் பெறுகிறது. இதைப் போக்குவதற்கு அதனை மீண்டும் சுமார் 200 டிகிரி வரை இளஞ்சூடாக்குவர். கடினத்தில் சிறிது குறைந்து, உறுதி பெருகுகிறது. இவ்விரண்டாம் சூட்டின் அளவே கத்தியின் பதத்தை நிர்ணயிக்கிறது.

இங்கு நினைவிற் கொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு. பதமிட்ட எஃகு, பின்னர் எக்காலத்திலேனும் அதனினும் மிகுந்த சூட்டை அடையுமாயின், அச்சூட்டிற்கு ஏற்ப மேலும் மென்மையாகிவிடும். ராக்வெல் சி என்னும் கடின அளவையில், 200 டிகிரியில் பதமிட்ட கார்பன் எஃகு சுமார் 60 என அளவிடப்பெறும். அதுவே 300 டிகிரியை அடைந்தால் சுமார் 55 ஆகவும், 400 டிகிரியை அடைந்தால் ஏறத்தாழ 50 ஆகவும் குறையும். சூடேறிய கத்தியை உடனே தண்ணீரில் அமிழ்த்தினால் இழப்பு ஈடாகிவிடும் என்பது பரவலான தவறான நம்பிக்கை. அமிழ்த்துவது மேலும் சூடேறாமல் தடுக்குமேயன்றி, இழந்த பதத்தை மீட்காது. மீட்க வேண்டுமாயின் கத்தி மீண்டும் கொல்லனின் உலைக்கே செல்ல வேண்டும்.

கார்பன் எஃகு தன் சூட்டைத் தானே அறிவிக்கிறது. துலக்கிய எஃகின் மேற்பரப்பில் சூட்டினால் மெல்லிய ஆக்சைடுப் படலம் படிகிறது. படலத்தின் பருமனுக்கு ஏற்ப நிறம் தோன்றுகிறது. சுமார் 220 டிகிரியில் வெளிர் வைக்கோல் நிறம், 255 டிகிரியளவில் பழுப்பு, 280 டிகிரியளவில் ஊதா, 300 டிகிரியளவில் நீலம் என இவை முறையே காணப்படும். சாணையிலிருந்து எடுத்த கத்தியின் விளிம்பில் நீலம் கண்டால், அப்பகுதி பதம் இழந்தது எனத் துணியலாம்.

இக்காலத்துச் சமையலறைக் கத்திகளிற் பெரும்பாலானவை துருவேறா எஃகினால் ஆனவை. 1913இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி, துப்பாக்கிக் குழாய்களுக்கு உகந்த எஃகைத் தேடும்போது, 12.8 சதவிகிதம் குரோமியம் கலந்த எஃகு எளிதில் அரிக்கப்படாமல் இருப்பதைக் கண்டார். இன்றைய சாதாரணக் கத்திகளின் எஃகும் ஏறத்தாழ அதே இனத்தது: 12 முதல் 14 சதவிகிதம் குரோமியமும், தோய்ச்சலுக்குப் போதிய கார்பனும் கொண்டது. அதன் கடினம் பெரும்பாலும் 52 முதல் 56 வரை இருக்கும். பாத்திரங்களுக்குரிய, 18 சதவிகிதம் குரோமியமும் 8 சதவிகிதம் நிக்கலும் கலந்த எஃகு இதனின்றும் வேறானது. அதைத் தோய்ச்சலால் கடினமாக்க இயலாது. ஆதலின், அதில் வெட்டிய தகடு கத்தி போன்ற வடிவம் பெறினும் கூர் தாங்காது.

ஒரு சாணை, இருவகை எஃகு

கடைசல் உளியும் துளையிடும் அலகும் உயர்வேக எஃகினால் செய்யப்படுகின்றன. பட்டறையில் இது ‘ஹைஸ்பீடு’ எனப்படும். டங்ஸ்டன், மாலிப்டினம், குரோமியம், வனேடியம் ஆகியவை இதில் கலந்துள்ளன. அமெரிக்காவில் டெய்லர், ஒயிட் என்னும் இருவர் கண்ட பதப்படுத்தும் முறையினால் இவ்வகை எஃகு சிறப்புற்று, 1900இல் பாரிஸ் பொருட்காட்சியில் உலகோரின் பார்வைக்கு வைக்கப்பட்டது. உளியின் முனை செந்நிறத்தை நெருங்கும் சூட்டிலும் அது இரும்பைச் சீவியதைக் கண்டோர் வியந்தனர். இவ்வெஃகு 550 முதல் 600 டிகிரி வரையிலும் தன் கடினத்தைப் பெரும்பாலும் இழப்பதில்லை. ஆகையால், பட்டறைச் சாணையில் உளியின் முனை சிறிது நிறம் மாறினாலும் தொழிலாளி கவலை கொள்வதில்லை. அவருடைய பழக்கம் அவருடைய எஃகிற்கு ஏற்றதே. அதே பழக்கத்தை 200 டிகிரியில் பதமிட்ட கத்திக்கும் கையாளும்போதுதான் கேடு விளைகிறது.

சூடு எவ்வளவு விரைவில் ஏறும் என்பதைக் கணக்கிட்டுக் காணலாம். மேசைச் சாணையின் மோட்டார் நிமிடத்திற்கு ஏறத்தாழ 2850 தடவை சுழல்கிறது. சக்கரத்தின் குறுக்களவு 150 மில்லிமீட்டர் எனில், அதன் சுற்றளவு சுமார் 471 மில்லிமீட்டர். ஆகவே, சக்கரத்தின் விளிம்பு நிமிடத்திற்கு 1340 மீட்டர், அதாவது நொடிக்கு 22 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கத்தியை உரைக்கிறது. கையால் கல்லில் தீட்டும்போது வேகம் நொடிக்கு அரை மீட்டர் எனக் கொண்டால், சாணையின் வேகம் அதைப் போல 45 மடங்கு ஆகிறது. உராய்வின் வேலை முழுவதும் வெப்பமாக மாறுகிறது. பறக்கும் தீப்பொறிகள், காற்றில் எரியும் எஃகுத் துகள்களேயாகும்.

உளி தடித்தது, அதன் முனையில் எழும் சூடு உடலெங்கும் பரவிவிடும். கத்தியின் விளிம்போ மிக மெல்லியது; வெப்பத்தை ஏற்றுச் செல்ல அங்குப் போதிய உலோகம் இல்லை. துருவேறா எஃகு வெப்பத்தைக் கடத்தும் ஆற்றல், கார்பன் எஃகின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதியே. ஆதலின், பிடியைப் பற்றிய கை சூட்டை உணர்வதற்கு முன்னரே விளிம்பு பதம் இழந்துவிடலாம். துருவேறா எஃகு, கார்பன் எஃகைக் காட்டிலும் சிறிது அதிகச் சூட்டைத் தாங்கும் என்பது உண்மை. எனினும், 500 டிகிரியைக் கடந்தால் அதன் கடினமும் துருவை எதிர்க்கும் தன்மையும் ஒருங்கே குறையும். அதில் நிறங்கள் தோன்றுவதும் தாமதமாகவே நிகழும். எனவே, நிறம் காணப்படவில்லை என்பதைக் கொண்டு தீங்கில்லை என முடிவு செய்தல் கூடாது.

இழப்பு அத்துடன் நிற்பதில்லை. வேகச் சாணை உலோகத்தை மிகுதியாகத் தின்கிறது. ஒருமுறை தீட்டுவதில் அரை மில்லிமீட்டர் தேய்வதாக வைத்துக்கொண்டால், 30 மில்லிமீட்டர் அகலமுள்ள கத்தி இருபது தடவைகளில் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். கையால் கல்லில் தீட்டும்போது இழக்கும் உலோகம் இதனினும் மிகக் குறைவு.

சாணைக் கல்லின் இயல்பு

ஒரு பொருளைத் தேய்க்க அதனினும் கடினமான பொருள் வேண்டும். மோஸ் அளவையில் பதமிட்ட எஃகின் கடினம் ஏறத்தாழ 6.5 முதல் 7 வரை. கருங்கல்லில் உள்ள பளிங்குக்கல் 7 என்னும் கடினமுடையது. வாசற்படியிலோ அம்மியின் ஓரத்திலோ தேய்த்தால் கத்தி ஓரளவு கூராவதற்கு இதுவே காரணம். ஆயினும், கருங்கல்லின் பரல்கள் ஒரே அளவின அல்ல. ஆகையால் விளிம்பு கரடாகிறது.

குருந்தக்கல்லின் கடினம் 9. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் ‘கொரண்டம்’ என்னும் பெயர் ‘குருந்தம்’ என்னும் தமிழ்ச் சொல்லின் வழிவந்ததாகும். இக்கல்லின் பொடியை அரக்குடன் பிசைந்து செய்த சக்கரங்களை இந்திய மணிக்கல் தொழிலாளர் பண்டுதொட்டுக் கையாண்டனர். இன்று நாமக்கல் மாவட்டத்தில் அடங்கிய சித்தம்பூண்டிப் பகுதியிலும், பழைய மைசூர்ப் பகுதியிலும் இக்கனிமம் கிடைக்கிறது. செயற்கை அலுமினிய ஆக்சைடும் இதே பொருளே. இதனினும் சற்றுக் கடினமானது சிலிக்கன் கார்பைடு. 1891இல் அமெரிக்கரான எட்வர்டு அச்சிசன், களிமண்ணையும் கற்கரியையும் மின்சாரத்தால் காய்ச்சும்போது இதைக் கண்டு, ‘கார்போரண்டம்’ எனப் பெயரிட்டார். இந்தியாவில் இத்தகைய தேய்ப்புப் பொருள்களைச் செய்வதற்கு 1954இல் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் தொடங்கப்பெற்றுச் சென்னைத் திருவொற்றியூரில் ஆலை அமைத்தது.

இரும்புக் கடைகளில் கிடைக்கும் கரிய இருபக்கக் கல், பெரும்பாலும் சிலிக்கன் கார்பைடினால் ஆனது. அதன் ஒரு பக்கம் கரடானது. மறு பக்கம் நயமானது. கல்லின் எண், பரல்களைச் சலிக்கும் சல்லடையின் நெருக்கத்தைக் குறிக்கும். எண் பெருகப் பரல் சிறுக்கும். 120 எண்ணுள்ள பரல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கும், 240 எண்ணுள்ள பரல் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கும் அளவுடையன. மிகவும் மழுங்கிய கத்திக்குக் கரட்டுப் பக்கமும், மாதந்தோறும் தீட்டப்பெறும் கத்திக்கு நயப் பக்கமும் போதுமானவை.

கல்லில் தீட்டும் முறை

1. கல்லைச் சிறிது நேரம் தண்ணீரில் ஊறவைத்து, நனைந்த துணியின்மேல் நகராமல் வைக்க வேண்டும். தீட்டும்போது கல்லில் எப்போதும் நீர் நிற்க வேண்டும். நீர் தேய்ந்த துகள்களை அகற்றிக் கல்லின் துளைகள் அடைபடாமல் காக்கிறது. எண்ணெய் இட்டுப் பழகிய கல்லில் எண்ணெயே இடலாம். இரண்டையும் மாற்றி மாற்றி இடுதல் கூடாது.

2. கத்தியைக் கல்லின்மேல் படுக்கவைத்து, முதுகை மட்டும் சிறிது உயர்த்த வேண்டும். உயரம் கத்தியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காயின், கோணம் சுமார் 20 டிகிரி. நான்கில் ஒரு பங்காயின் சுமார் 15 டிகிரி. அகலம் 30 மில்லிமீட்டர் எனில் முதுகு 10 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால் போதும். சாதாரணக் கத்திக்கு 20 டிகிரியே ஏற்றது. கோணம் குறைந்தால் கூர் மிகும், ஆனால் விரைவில் மடங்கும்; கோணம் பெருகினால் உறுதி மிகும், ஆனால் வெட்டுவதற்கு விசை அதிகம் வேண்டும்.

3. கல்லிலிருந்து மெல்லிய படலம் ஒன்றைச் சீவி எடுப்பதுபோல, விளிம்பு முன்செல்லக் கத்தியை நகர்த்த வேண்டும். பிடியின் அருகில் தொடங்கி முனையில் முடியுமாறு ஒவ்வோர் இழுப்பும் அமைதல் வேண்டும். கோணம் தொடக்கம் முதல் இறுதிவரை மாறாதிருப்பதே இதில் முக்கியம், வேகம் அன்று.

4. ஒரு பக்கத்தைத் தொடர்ந்து தீட்டினால், மறு பக்கத்தில் மெல்லிய பிசிறு எழும். விரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி வெளிப்புறமாக மெல்லத் தடவினால் அது தட்டுப்படும். விளிம்பின் நீளவாக்கில் விரலை ஒருபோதும் ஓட்டலாகாது. பிசிறு விளிம்பு முழுவதும் எழுந்த பின்னரே கத்தியைத் திருப்ப வேண்டும். பிசிறு எழாத இடம் தீட்டப்படாத இடமாகும்.

5. மறு பக்கத்தையும் அவ்வாறே தீட்டி, பின்னர் கல்லின் நயப் பக்கத்தில் இரு புறமும் திரும்பச் செய்ய வேண்டும். இறுதியில் அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, இப்புறம் ஒன்று அப்புறம் ஒன்றாகச் சில இழுப்புகள் இழுத்தால் பிசிறு நீங்கும்.

6. எஞ்சிய பிசிறைத் தோல்வாரிலோ மடித்த செய்தித்தாளிலோ, விளிம்பு பின்செல்லுமாறு இழுத்து அகற்றலாம். பிசிறை நீக்காமல் விட்டால், முதல் நாள் மிகக் கூராகத் தோன்றும் கத்தி மறுநாளே மழுங்கும்.

தீட்டிய கத்தியை விளக்கொளியில் விளிம்பு மேல்நோக்க ஏந்திப் பார்க்க வேண்டும். கூரிய விளிம்பு கண்ணுக்குப் புலப்படாது. மழுங்கிய இடம் ஒளியைப் பிரதிபலித்து வெண்கோடாக மின்னும். தொங்கவிட்ட செய்தித்தாளைக் கிழியாமல் அறுத்தால் தீட்டுதல் நிறைவுற்றதெனக் கொள்ளலாம். பின்னர்க் கத்தியை நன்கு கழுவித் துடைத்தே உணவில் படவிட வேண்டும். கல் நடுவில் குழிந்துவிட்டால், நீரும் மணலும் இட்டுச் சமமான சிமெண்டுத் தரையில் தேய்த்து அதைச் சீராக்கலாம்.

அரிவாள்மணை

தமிழ்நாட்டின் அரிவாள்மணையும், கன்னட நாட்டின் ‘ஈளிகெ மணெ’யும் ஒரே வகைக் கருவி. இதில் வாய் நிலையாக நிற்க, காய் நகர்கிறது. ஆகவே, தீட்டும்போதும் வாய் நிற்க, கல்லே நகர வேண்டும். சிறிய கல்லை நனைத்துக் கையில் ஏந்தி, மணையை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, அடியிலிருந்து நுனியை நோக்கி வளைவைத் தொடர்ந்து தேய்த்தல் வேண்டும். கல்லைப் பிடித்த விரல்கள் விளிம்பின் நேருக்கு வாராமல் பின்புறமே இருத்தல் வேண்டும். வேலை முடிந்ததும் வாயை மூங்கிற் பிளவினாலோ பழைய ரப்பர்க் குழாயினாலோ மூடி, குழந்தைகளுக்கு எட்டாதபடி வைத்தல் இன்றியமையாதது.

சாணையில் தீட்ட நேரின்

வாய் ஒடிந்த கத்தியைச் சீராக்கச் சாணைச் சக்கரம் தேவைப்படலாம். தெருவில் வரும் சாணை பிடிப்பவர் மிதித்துச் சுழற்றும் சக்கரத்திற்கு ஒரு நன்மை உண்டு. அதன் வேகம் அவருடைய காலுக்கு அடங்கியது. மெல்ல மிதித்து, இலேசாகத் தொட்டு, அடிக்கடி நீரில் தோய்த்துத் தீட்டுமாறு கேட்டுக்கொண்டால் பதம் பெரிதும் காக்கப்படும். விளிம்பில் நிற்கும் நீர்த்துளி கொதிக்கத் தொடங்குமுன் கத்தியைச் சக்கரத்திலிருந்து எடுத்துவிடுவது நல்ல விதி. நீர் 100 டிகிரியில் கொதிப்பதால், அஃது ஓர் இயற்கை வெப்பமானியாக உதவுகிறது. இறுதிக் கூரைக் கைக்கல்லிலேயே ஏற்ற வேண்டும்.

மேசைச் சாணையை உபயோகிப்போர், சக்கரத்தில் குறித்துள்ள வேகம் மோட்டாரின் வேகத்திற்குக் குறையாதிருப்பதை முதலில் பார்க்க வேண்டும். புதுச் சக்கரத்தைப் பொருத்துமுன் அதைத் தொங்கவிட்டு மரக்கட்டையால் மெல்லத் தட்டினால், பழுதற்ற சக்கரம் தெளிந்த ஓசை தரும்; விரிசலுற்றது மந்தமான ஓசை தரும். தாங்கிக்கும் சக்கரத்திற்கும் இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மிகாதிருக்க வேண்டும். கண்ணாடி அணியாமலும், காப்பு உறை இல்லாமலும், தொங்கும் ஆடையுடனும் சாணையை அணுகலாகாது. சக்கரத்தின் பக்கவாட்டில் தீட்டுவதும் அபாயகரமானது.

அன்றாடப் பராமரிப்பு

கூர் பெரும்பாலும் காயினால் கெடுவதில்லை. காய்க்கு அடியிலுள்ள பரப்பினாலேயே கெடுகிறது. கருங்கல் மேடையிலும் எஃகுத் தட்டிலும் வைத்து நறுக்கினால், ஒவ்வொரு வெட்டிலும் விளிம்பு மடங்குகிறது. மரப்பலகையே ஏற்றது. நறுக்கியவற்றை வழிப்பதற்கு விளிம்பைப் பயன்படுத்தாமல் முதுகைப் பயன்படுத்த வேண்டும். டப்பா மூடியை நெம்புவதற்கும் தேங்காயை உடைப்பதற்கும் கத்தியை எடுத்தல் கூடாது.

புளி, எலுமிச்சை, உப்பு ஆகியவை இரும்பை விரைவில் அரிக்கும். வாழைக்காய், வாழைப்பூ இவற்றின் துவர்ப்புப் பொருள் இரும்புடன் சேர்ந்து கருநிறச் சேர்மத்தை உண்டாக்குவதால், கார்பன் எஃகுக் கத்தியும் நறுக்கிய காயும் கறுக்கின்றன. துருவேறா எஃகும் உப்புநீரில் நெடுநேரம் கிடந்தால் சிறு குழிகளாக அரிபடும். ஆகையால், வேலை முடிந்ததும் கழுவி உலரத் துடைத்து வைக்க வேண்டும். கழுவும் தொட்டியில் போட்டுவைத்தல் கூடாது. கார்பன் எஃகுக் கத்திக்குத் தேங்காயெண்ணெய் மெல்லப் பூசலாம். அடுப்புச் சுவாலையில் கத்தியைக் காட்டுவது எக்காரணத்திற்கும் தகாது.

வகுப்பறைச் சோதனைகள்

முதற் சோதனை: பாத்திரக் கரண்டி ஒன்றையும் சமையற் கத்தி ஒன்றையும் காந்தத்தால் தொட்டுப் பார்க்க. நிக்கல் கலந்த பாத்திர எஃகைக் காந்தம் ஈர்ப்பதில்லை, அல்லது மிக மெல்லவே ஈர்க்கும். தோய்ச்சலுக்கு உரிய கத்தி எஃகை வலுவாக ஈர்க்கும்.

இரண்டாம் சோதனை: மூன்று தையல் ஊசிகளை இடுக்கியால் பற்றிச் சுவாலையில் செந்நிறமாகக் காய்ச்சுக. முதலாவதை மெல்ல ஆறவிடுக. வளைத்தால் அது மடங்கும். இரண்டாவதைச் செந்நிறத்துடனேயே தண்ணீரில் இடுக. வளைத்தால் அது படீரென ஒடியும். மூன்றாவதையும் அவ்வாறே தோய்த்து, மணல்தாளால் துலக்கி, சுவாலைக்குச் சற்று மேலே பிடித்து நீல நிறம் தோன்றும்வரை மெல்லச் சூடாக்குக; வளைத்துவிட்டால் அது வில்போல் நிமிரும். ஒரே எஃகு, சூட்டின் வேறுபாட்டால் மூவகைத் தன்மை பெறுவதை மாணவர் நேரிற் காண்பர். ஒடியும் துண்டு தெறிக்குமாதலால், ஊசியைத் துணியால் சுற்றி ஆசிரியரே வளைத்துக் காட்ட வேண்டும்.

மூன்றாம் சோதனை: சதுரக் காகிதத்தின் செங்கோண மூலையை ஒருமுறை மடித்தால் 45 டிகிரியும், மறுமுறை மடித்தால் 22.5 டிகிரியும் கிடைக்கும். அதைக் கல்லின் ஓரத்தில் நிறுத்தி, கத்தியின் சாய்வு அதற்குச் சிறிது குறைவாக இருக்குமாறு பழகலாம்.

எஃகு எவ்வகையினது, அதன் பதம் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்னும் இரு கேள்விகளுக்கும் விடை அறிந்த பின்னரே எந்தக் கருவியையும் சாணையில் வைக்க வேண்டும். பீன்யாவின் பட்டறைகளில் இவ்வறிவு தொழிலின் அரிச்சுவடி. அஃது அங்கிருந்து சமையலறைக்கும் வந்து சேருமாயின், ஒரு கைக்கல்லின் சிறு செலவில் கத்தியின் ஆயுள் நீளும். நறுக்குவோரின் விரல்களும் காக்கப்படும்.

வினாக்கள்

1. மழுங்கிய கத்தி கூரிய கத்தியினும் அதிகக் காயம் விளைவிக்கக் காரணம் யாது?
2. நீலம் பாய்ந்த கத்தியைத் தண்ணீரில் அமிழ்த்தினால் பதம் மீளாதது ஏன்?
3. 200 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சக்கரம் நிமிடத்திற்கு 2850 தடவை சுழன்றால், அதன் விளிம்பின் வேகம் நொடிக்கு எத்தனை மீட்டர்?
4. 42 மில்லிமீட்டர் அகலமுள்ள கத்தியைச் சுமார் 20 டிகிரி கோணத்தில் தீட்ட, அதன் முதுகை எவ்வளவு உயர்த்த வேண்டும்?